நாலு வெள்ளைக் கொக்கு, நாலும் வேறு

கேள்வி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திலும் சரி, எங்கள் பக்கத்து வயல்களிலும் சரி, கொக்கெல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது. அலகு நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் கூடுகிறது. வேறு எதைப் பார்ப்பது?
– பாளையங்கோட்டை வாசகர்

அலகு நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மற்ற நாட்களில் மஞ்சள் அலகு. கூடு கட்டும் காலத்தில் இரண்டுக்கும் கறுத்துவிடும். அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுலபமான இரண்டை முதலில் ஒதுக்கிவிடலாம். பிசான நெல் சாகுபடிக்கான உழவில் டிராக்டர் பின்னால் கூட்டமாக ஓடுவது பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. குட்டைக் கழுத்து, தாடை கொஞ்சம் உப்பியிருக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் ஏறிவிடும், அப்போது சந்தேகமே வராது. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றுக்குள் நிற்கும்போது பாதம் தெரியாது. காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும் பழக்கம் அதற்கு உண்டு, காலைத் தூக்கும்வரை காத்திருங்கள்.

சிக்கல் மிச்சமுள்ள இரண்டில்தான். பெரிய கொக்கு 90 செ.மீ.க்கு மேல், நடுத்தரம் 70 செ.மீ.யை ஒட்டி. ஆனால் குளத்து நடுவில் தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண்ணால் சொல்வது வீண் வேலை. வாயோரத்தைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரம். இது எந்தப் பருவத்திலும் மாறாது. பெரிய கொக்கின் கழுத்து நடுவில் ஒடிந்தாற்போல் ஒரு முறிவு காட்டும், நடுத்தரத்துக்கு வழவழவென்று வளையும். கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தால் இந்த அடையாளம் உதவாது, வாயோரம்தான் கதி.

பைனாகுலரில் கோடு பிடிபடாவிட்டால், பறவை பக்கவாட்டில் திரும்பும்போது ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் ஏறினால் தண்ணீர் மேல் கானல் ஆடி எல்லாம் கலங்கும், ஆகையால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அப்புறம், வரப்பிலிருந்து வெள்ளை இறக்கையுடன் எழும்பி, முதுகு மட்டும் பழுப்பாகத் தெரிந்தால் இந்த நாலையும் மறந்துவிடுங்கள், அது மடையான். உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், பறந்தால்தான் வெள்ளை.

இவ்வளவு பார்த்தும் பிரியாவிட்டால், பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் (eBird) இனம் குறிக்காமல் பொதுவாகக் கொக்கு என்று பதியவும் வழியிருக்கிறது. ஊகித்து நடுத்தரம் என்று போடுவதைவிட அதுவே மேல்.