புது ரோலர் கோஸ்டரில் ஒரே ஒரு ரயில் மட்டும் ஓடுவது ஏன்?

மூன்று ரயில் இருந்தும் ஒன்றைத்தான் ஓட்டுகிறார்கள், சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

தடம் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான். முன்னால் போனது விலகிவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகே பின்னால் வருவதை பிரேக் விடும். புது வண்டியில் இந்த பிரேக் கணக்கு படிய நாளாகும். மழையில் சக்கரம் வழுக்கும், வெயிலில் வேகம் கூடும். அதனால்தான் இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒஹாயோவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற ரோலர் கோஸ்டர் 2018 மே 5 அன்று திறந்தது. அன்றே, திரும்பி வந்த ரயில் நிலையத்தில் நின்ற ரயிலை லேசாக இடித்தது. அப்புறம் கொஞ்ச காலம் ஒரே ரயில்தான். ரயிலுக்கு 24 பேர். இரண்டரை நிமிட ஓட்டம், ஏறி இறங்க, மடிமேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க என்று சுற்றுக்கு 4 நிமிடம் வையுங்கள்: மணிக்கு 360 பேர். மூன்றும் ஓடினால் இதே கணக்கில் 1,080 வரை. வரிசை நகராததன் ரகசியம் இதுதான்.

திறப்பே தள்ளிப்போவது வேறு கதை. ஃப்ளோரிடாவின் அயர்ன் குவாசி ரோலர் கோஸ்டர் 2020இல் வரவேண்டியது. கொரோனா வந்து 2022 மார்ச்சில்தான் திறந்தது.