பாய்மரப் படகில் ஏழு நாள்: மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: நாங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் வசிக்கிறோம். ஆகஸ்டில் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து ஒரு வாரத்துக்கு, ஸ்கிப்பருடன் (படகை ஓட்டுபவர்) சேர்த்து ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். நான், கணவர், 13 வயது மகன், 7 வயது மகள், மதுரையிலிருந்து வரும் மாமியார் (66). நீச்சல் எனக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும். மாமியார் சுத்த சைவம். பிராச், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, துப்ரோவ்னிக் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? படகில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: துப்ரோவ்னிக்கை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இந்தப் படகுகள் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல்தான் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; ஆக, படகின் வேகம் நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்தான். ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் ஏறத்தாழ நூறு கடல் மைல். போய்த் திரும்பவே முப்பத்தைந்து மணி நேரம் ஆகிவிடும்.

‘ஏழு நாள்’ என்பதும் விளம்பரக் கணக்கு. அங்கே வழக்கம் சனி முதல் சனி வரை. சனிக்கிழமை மாலை ஐந்து மணியளவில்தான் படகு கைக்கு வரும். சாமான் ஏற்றி, பொருட்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். அடுத்த வெள்ளி மாலையே திரும்பிவிட வேண்டும். சனி காலை ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும். கடலில் உங்களுக்குக் கிடைப்பது ஆறு பகல், அதிலும் கடைசிப் பகல் வீடு திரும்பும் வழி.

நான் சொல்லும் வழி இது: முதல் நாள் பிராச் தீவின் மில்னா, பத்து மைல், இரண்டு மணி நேரம். வயிறும் காலும் கடலுக்குப் பழக அது போதும். அடுத்து ஹ்வாரும் அதற்கு எதிரே சிதறிக் கிடக்கும் பாக்லெனித் தீவுகளும். பிறகு விஸ். திரும்பும்போது ஷோல்த்தா தீவு. கோர்ச்சுலாவைக் காற்று அனுமதித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்றுதான். நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதைப் போலவே குரோஷியாவின் டால்மேஷியக் கரையிலும் ஒவ்வொரு காற்றுக்கும் பெயரும் குணமும் உண்டு. கோடையில் உங்களுக்கு நண்பன் மயஸ்த்ரால். நல்ல வெயில் நாட்களில் மதியவாக்கில் வடமேற்கிலிருந்து எழுந்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். ஆகவே காலையில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும், எஞ்சினில்தான் போவீர்கள். பாய் விரிப்பது பெரும்பாலும் பிற்பகலில். ‘பாய்மரப் படகுக்குப் பணம் கொடுத்தோம், டீசல் வாசம் வருகிறதே’ என்று முதல் காலையிலேயே குறைப்படாதவர்கள் குறைவு.

ஜூகோ வேறு மாதிரி. தென்கிழக்கிலிருந்து மேகமும் ஈரமுமாக வந்து, இரண்டு மூன்று நாள் விடாமல் வீசி, அலையை வளர்த்துக்கொண்டே போகும். பூரா என்பது மலையிலிருந்து வடகிழக்காக இறங்கும் குளிர்காற்று. வானம் தெளிவாக இருக்கும்போதே அறைந்துவிடும். கோடையில் அரிது, வந்தாலும் நீடிப்பதில்லை.

ஒருமுறை ஜூகோவில் விஸ் துறைமுகத்தில் எங்கள் படகு இரண்டு இரவுகள் கட்டிக் கிடந்தது. பிஷெவோ தீவின் நீலக் குகையைப் பார்த்தே தீருவேன் என்று எங்களில் ஒருவர் ஸ்கிப்பரிடம் மல்லுக்கு நின்றார். ஸ்கிப்பர் வானிலை அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். குகையையும் அன்று மூடிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதன் வாசல் ஒன்றரை மீட்டர் உயரம்தான். அலை எழுந்தால் சிறு படகும் நுழைய முடியாது. ஆகஸ்டில் அது திறந்திருந்தாலும் சில நிமிடக் காட்சிக்காக வெயிலில் வெகுநேரம் வரிசையில் மிதக்க நேரும். ஏழு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன். அந்தப் பொழுதை விஸ் தீவிலேயே செலவிடுங்கள். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதி இல்லை. மலையைக் குடைந்து நீர்மூழ்கிக் கப்பலை ஒளித்துவைக்கக் கட்டிய சுரங்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் மகனுக்கு எந்தக் குகையையும்விட அதுதான் பிடிக்கும்.

இப்போது மாமியார். நீங்கள் கடலை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்; எனக்கு ஒரு பலகையை நினைத்துத்தான் கவலை. மத்தியதரைக்கடல் வழக்கப்படி படகின் பின்புறத்தைக் கரைக்குத் திருப்பிக் கட்டுவார்கள். இடையில் ஒடுக்கமான பலகை ஒன்றைப் போடுவார்கள். பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. பலகையும் மெல்ல ஆடும். கரையைத் தொடாமல், கடலில் மிதக்கும் மிதவையில் படகைக் கட்டிய நாளில் அந்தப் பலகையும் இல்லை. ரப்பர்ப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். அறைகளுக்கு இறங்கும் படியும் ஏணிபோலச் செங்குத்து. முழங்கால் வலி இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்குபவர் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். புடவை வேண்டாம், சல்வார் போதும் என்பதை மட்டும் மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

முழங்கால் சரியில்லை என்றால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் எடுங்கள். ஒற்றை உடல் படகு பாய் விரித்ததும் ஒருபக்கம் சாயும். தேநீர்க் கோப்பையும் கூடவே சாயும். கேட்டமரான் சாயாது. கூடமும் மேல்தளமும் ஒரே மட்டம். ஆனால் வாடகை மிக அதிகம், துறைக் கட்டணமும் கூடும். ஒற்றை உடல் என்றால் நான்கு அறைப் படகு உங்களுக்குக் கச்சிதம்: நீங்கள் இருவரும் ஒன்றில், பாட்டியும் பேத்தியும் ஒன்றில், மகன் ஒன்றில், ஸ்கிப்பர் ஒன்றில். ஆம், ஸ்கிப்பருக்குத் தனி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரே விதி: படகு நகரும்போது மேல்தளத்தில் உயிர்காப்பு அங்கி கழற்றக் கூடாது. கணவருக்கும் இது பொருந்தும். மகளின் எடையை முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்து, அவளுக்கேற்ற அங்கியைக் கேளுங்கள். பெரியவர்களின் அங்கி குழந்தையின் தலை வழியாக நழுவிவிடும். பாறைக் கரைகளில் கடல் முள்ளெலிகள் ஒட்டிக் கிடக்கும். எல்லோருக்கும் ரப்பர்ச் செருப்பு வேண்டும்.

குமட்டல் வந்தால் அறைக்குள் போய்ப் படுக்கத்தான் தோன்றும். போகாதீர்கள். மேலே உட்கார்ந்து, காற்று முகத்தில் படும்படி, அடிவானத்தைப் பாருங்கள். மகனுக்கு வந்தால் சுக்கானைக் கையில் கொடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மாத்திரையைக் குமட்டல் தொடங்குமுன் போட்டால்தான் பலன். மாமியார் வேறு மாத்திரைகள் எடுத்துக்கொள்பவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் தொட்டி 400 முதல் 600 லிட்டர். ஆறு பேர் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் இரண்டே நாளில் வறண்டுவிடும். கடலில் குளித்து, பின்தளக் குழாயில் ஒரு நிமிடம் உப்பைக் கழுவிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். கழிப்பறைக்குள் காகிதம் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் பழுது பார்க்கும் செலவு உங்கள் தலையில் விழும். வாரம் முழுக்க நாற்றமும் கூடவே வரும்.

நங்கூரம் போட்டிருக்கும்போது மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டுமே வரும். கைப்பேசிக்குப் போதும், ஏசிக்கும் ரைஸ் குக்கருக்கும் போதாது. ஆகவே சின்ன பிரஷர் குக்கர் ஒன்றை எடுத்துப் போங்கள். அடுப்பு எரிவாயுவில் எரிவது. படகோடு சேர்ந்து ஆடினாலும் பாத்திரம் நிமிர்ந்தே நிற்கும்படி தொங்கவிட்டிருப்பார்கள். தாளிப்பை மட்டும் கரையில் கட்டியபிறகு, சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மிளகாய் நெடி மெத்தையில் ஏறினால் ஒரு வாரம் போகாது.

ஸ்பிளிட் நகரின் பழைய ரோமானிய அரண்மனையின் கிழக்கு மதிலை ஒட்டிய சந்தையில் தக்காளி, அத்திப்பழம், கீரை எல்லாம் அருமையாகக் கிடைக்கும். தீவு உணவகங்களில் ‘பிளித்வா’ கேளுங்கள்: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும். மாமியாருக்கு அதுவே பொரியல். கறுப்பு ரிசோட்டோவைச் சோறு என்று நம்பி அவர் முன் வைத்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு கணவாய் மை. குடாக்களில் உள்ள பல உணவகங்கள் தங்கள் மிதவையில் இலவசமாகக் கட்டவிடும், அங்கே இரவு சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையில். அசைவம் சாப்பிடுபவர்கள், மூடிமேல் கங்கு போட்டு மெல்ல வேகவைக்கும் ‘பெக்கா’வைச் சில மணி நேரம் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் காட்டும் வாடகையோடு செலவு நிற்காது. ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்கு இருநூறு யூரோவை ஒட்டி வரும். டீசல், துறைக் கட்டணம், சுற்றுலா வரி, சுத்தம் செய்யும் கட்டணம் தனி. நல்ல துறைகளில் உச்சப் பருவத்தில் ஓர் இரவுக்கு 100 யூரோவைத் தாண்டும். காப்புத்தொகையாக இரண்டாயிரம், மூவாயிரம் யூரோவைக் கடன் அட்டையில் பிடித்துவைப்பார்கள். அட்டையின் வரம்பை முன்பே பாருங்கள். படகை வாங்கும்போது ஒவ்வொரு கீறலையும் படம் எடுங்கள். நான் எடுக்காத ஒரு வருடம், எனக்கு முன்னால் வந்தவர் போட்ட கீறலுக்கு நான் பணம் கட்டினேன்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, நாணயமும் அன்றிலிருந்து யூரோ. மாமியார் ஜெர்மனிக்கு வாங்கும் ஷெங்கன் விசாவே போதும்; படகு வாரமும் அதன் தேதிகளுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பெட்டிகள் வேண்டாம். மடித்து வைக்கும் துணிப்பைகள்தான் அறைக்குள் நுழையும்.

வெள்ளிக்கிழமை டீசல் தொட்டியை நிரப்பித்தான் படகை ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை எல்லாப் படகுகளும் ஒரே எரிபொருள் துறைக்கு வந்து குவியும். ஷோல்த்தாவிலிருந்து காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் நிரப்பிவிட்டால், கடைசி மாலையில் மாமியாரை ஸ்பிளிட் கடற்கரைச் சாலையில் காலாற நடக்கவிடலாம்.