இலங்கையைத் தென்கிழக்கு ஆசியாவில் சேர்க்கலாமா?

வணக்கம் அண்ணே. ஐயா காலத்தில் கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்ய) போன ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு நான்கையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ‘தென்கிழக்கு ஆசியா’ என்று தலைப்பிட்டுக் காரைக்குடி வீட்டு முகப்பில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் மூன்றுக்கும் தலைப்பு பொருந்தும். கொழும்புக்குப் பொருந்தாது. ஐ.நா. வகைப்பாட்டில் இலங்கை தெற்காசியா. 1985-இல் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் தொடங்கியபோதே உறுப்பினர். புத்த சமயத்தை வைத்துப் பார்த்தால் இலங்கை பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் நெருக்கம்தான், ஆனால் அது பண்பாட்டு உறவு. அதற்காக நிலப்பகுதி மாறிவிடாது.

சிக்கலே ரங்கூன் இருக்கும் பர்மாதான் (இன்றைய மியான்மர்). 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். ஐயா அதற்கு முன் போயிருந்தால், அன்றைய கணக்கில் அவர் வேறு நாட்டுக்கே போகவில்லை! எங்கள் தேவகோட்டை வீட்டில் அப்பத்தாவின் சிவப்பு மரவை (பர்மா அரக்குப் பாத்திரம்) ஒன்று இருக்கிறது. மூடியின் விளிம்பு தேய்ந்து உள்ளே கறுப்பு தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பர்மா பக்கத்து ஊர் மாதிரிதான் தோன்றும். ஆனாலும் இன்றைய வரைபடத்தில் அது தென்கிழக்கு ஆசியாதான். 1997-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் சேர்ந்தது.

ஆசியான் பட்டியலை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். 1967-இல் அதில் ஐந்தே நாடுகள். சைகோன் இருக்கும் வியட்நாம் 1995-இல்தான் வந்தது. அதற்கு முன் சைகோன் வேறெங்கும் இருக்கவில்லையே.

‘ஐயா தொழில் செய்த கடல் கடந்த ஊர்கள்’ என்று தலைப்பை மாற்றிவிடுங்கள். கொழும்பை நீக்க வேண்டாம், தனி நிறம் கொடுங்கள். ஊர்ப்பெயர்களைப் பழைய கணக்கேட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.