ரத்தம் ஏற்றாமல் மூட்டு மாற்ற முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2. இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். அடுத்தவர் ரத்தம் என்றாலே அம்மாவுக்குப் பயம். ஏற்றாமல் முடிக்க வழி உண்டா?

மயக்கவியல் மருத்துவர் பதில்: பெரும்பாலும் உண்டு. ஆனால் அதற்கான வேலையில் முக்கால்வாசி ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, இந்த ஐந்து வாரத்தில்தான் இருக்கிறது.

ஒரு மூட்டு மாற்றினால் ஹீமோகுளோபின் 2, 3 கிராம் இறங்குவது சகஜம். 9.2-இல் உள்ளே போகிறவர் 6, 7-இல் வெளியே வருவார்; ஏற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். 12.5-இல் போகிறவருக்கு அதே அளவு ரத்தம் போனாலும் 10-ஐ ஒட்டி நிற்கும். ரத்தப் பையை யாரும் தேட மாட்டார்கள்.

எனவே முதலில், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு உறுதி. மாதவிலக்கு நின்ற வயதில் இரும்பு எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். மூட்டு வலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையே வயிற்றில் புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசிய விடுவதுண்டு. மலம் கறுப்பாகப் போகிறதா, மூலம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட்டு அம்மாக்கள் தாங்களாகச் சொல்வதில்லை. வயதையும் பார்த்து எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இரும்பு மாத்திரை நல்லதுதான், ஆனால் மெதுவானது. பலர் அதைப் போட்ட கையோடு ஒரு டம்ளர் காபியும் குடிப்பார்கள்; பாதி இரும்பு உடம்பில் சேராமலே போய்விடும். பீட்ரூட் ஜூஸ், பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிடட்டும், தப்பில்லை. ஐந்து வாரத்தில் 3 கிராம் ஏற்ற அவை போதாது. நரம்பு வழியாகச் செலுத்தும் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை 1 கிராம் வரை ஒரே தடவையில், கால் மணி நேரத்தில் ஏற்றலாம். பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அதனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் ஆபரேஷனைத் தள்ளி வையுங்கள். தேய்ந்த மூட்டு ஒரு மாதம் காத்திருக்கும்.

தியேட்டரில் டிரனெக்ஸாமிக் ஆசிட் போடுவார்களா என்று கேளுங்கள். 1960-களில் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்த மருந்து இது. உறைந்த ரத்தம் கரைந்து மறுபடி கசியாமல் தடுக்கும். விலையும் குறைவு. முன்பு வலிப்போ, காலில் ரத்தக்கட்டியோ, சிறுநீரகக் கோளாறோ இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வது, உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வது இரண்டும் ரத்தப்போக்கைக் குறைக்கும்.

செல் சேவர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, சுழற்றி, உப்புநீரில் கழுவி, சிவப்பணுக்களை அவருக்கே திருப்பித் தரும் இயந்திரம். இதய ஆபரேஷனிலும் முதுகெலும்பு ஆபரேஷனிலும் அருமையானது. ஒற்றை முழங்காலுக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. ஆனால் 'ஒரே நாளில் இரண்டு காலையும் முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை அம்மா சாப்பிடுகிறாரா? நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக ஸ்டென்ட் வைத்திருந்தால். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம் அந்த இரண்டு யூனிட். ரத்தத்தைத் தயாராக வைப்பது வேறு, ஏற்றுவது வேறு. ஏற்பாட்டை மறுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஹீமோகுளோபின் 8-க்கு மேல் இருந்து, மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ தலைசுற்றலோ இல்லை என்றால் பொதுவாக ஏற்றத் தேவையில்லை. ஏற்றியே ஆக வேண்டுமென்றால், ரத்தப்போக்கு தொடராதவரை ஒரு யூனிட் ஏற்றி, மறுபடி பரிசோதித்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிக்கச் சொல்லுங்கள்.