அமெரிக்காவில் குறைந்த விலைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை. எதை வாங்கலாம்?

நான்காம் தலைமுறை கார்வெட்டை வாங்குங்கள். 1984 மாடலில் தொடங்கி 1996 வரை செவ்ரலே விற்ற வண்டி இது. ரசிகர்கள் சி4 என்பார்கள். என்னிடம் 1991 மாடல் ஒன்று இருக்கிறது. ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் வேலை வரை வீட்டு வாசலிலேயே நானே பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு மலிவு என்று முதலில் சந்தேகம் வரும். வண்டியில் குறை இருப்பதால் அல்ல. நிறைய செய்தார்கள்: 1984 மாடலில் மட்டும் 51,547 கார்கள். இதற்கு முந்தைய தலைமுறைகளின் வளைவு நெளிவும் இதில் இல்லை, பின்னால் வந்த சி5-இன் நவீன வசதியும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டதால் விலை ஏறவே இல்லை. நன்றாக ஓடும் ஒன்றை 10,000 டாலரை ஒட்டியே பிடித்துவிடலாம். 1960-களின் நல்ல கார்வெட் ஒன்றுக்குக் கேட்கும் பணத்தில் இதில் நான்கைந்து வாங்கலாம்.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் தெரியும், இது எவ்வளவு கவனமாகச் செய்த கார் என்று. டேவ் மெக்லெல்லன் தலைமைப் பொறியாளர், ஜெர்ரி பால்மர் வடிவமைப்பாளர். 1983 மாடலை விற்கவே இல்லை. சோதனைக்காகச் செய்த 43 கார்களில் ஒன்றுதான் மிஞ்சியது. கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அடுத்து, கடையில் விற்கும் நிலையிலேயே ஓட்டும், எஸ்சிசிஏ என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பின் தொடரில் 1985 முதல் 1987 வரை இந்தக் கார் தோற்கவில்லை. வளைவில் திருப்பும்போது இன்றைக்கும் அந்தத் தன்மை கையில் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பானெட்தான். முன்பக்க ஃபெண்டர்களையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக முன்னோக்கித் திறக்கும். எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணெதிரே வந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். தானே கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவருக்கு இதைவிட வசதியான கார் கிடைப்பது கஷ்டம்.

சரி, எந்த வருடம்? 1984-ஐ விட்டுவிடுங்கள். 205 ஹெச்பி (குதிரைத்திறன்)தான், சஸ்பென்ஷனும் முதுகை உடைக்கும். 1985 முதல் 1991 வரை எல்98 எஞ்சின். 230-இல் தொடங்கி 245 ஹெச்பி வரை போனது, குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். 1992-இல் எல்டி1 வந்தது, 300 ஹெச்பி. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் எல்டி1தான். ஆனால் அதில் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகத்தை, எஞ்சினின் முன்பக்கம், வாட்டர் பம்புக்கு அடியில் வைத்துவிட்டார்கள். பம்ப் கசிந்தால் கூலன்ட் நேராக அதன்மேல் இறங்கும், எஞ்சின் திக்கத் தொடங்கும். மாற்ற வேண்டுமென்றால் பம்பையும் கழற்றியாக வேண்டும். 1995-இலிருந்து காற்றோட்டம் உள்ள வகை வந்தது, அது கொஞ்சம் மேல். எல்98-இல் டிஸ்ட்ரிபியூட்டர் பழையபடி எஞ்சினின் பின்பக்கம், தண்ணீர் படாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் முதல் முறை வாங்குபவருக்கு 1990 அல்லது 1991-ஐச் சொல்கிறேன்: ஓட்டுநருக்கு ஏர்பேக் உண்டு, முள் வைத்த மீட்டர்கள் உண்டு, கிடைத்தால் இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆறு கியர் மேனுவலும் உண்டு. அந்த மேனுவலில் மெதுவாக ஓட்டினால் முதல் கியரிலிருந்து நேரே நான்காவதுக்குத் தள்ளிவிடும். எரிபொருள் கணக்குக்காகச் செய்த ஏற்பாடு அது, பயப்பட வேண்டாம். அந்த ஏற்பாட்டை முடக்கிவைக்கச் சின்ன உதிரி பாகம் கிடைக்கிறது.

சி4-இன் அதிக சக்தி வாய்ந்த வகையான இசட்ஆர்-1 கண்ணில் பட்டால் ஆசையாகத்தான் இருக்கும். லோட்டஸோடு சேர்ந்து உருவாக்கிய 32 வால்வு எஞ்சின் அது. மொத்தம் 6,939 கார்கள்தான் என்பதால் எஞ்சின் பாகங்களுக்கு அலைய வேண்டும். இந்த பட்ஜெட்டுக்குச் சரிவராது.

எல்98 பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் அந்தக் காலத்து இன்ஜெக்டர்களின் மின்சுருள்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழுதாகும். எட்டு இன்ஜெக்டர்களிலும் மின்தடை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தால், எட்டையும் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். அவற்றைத் தொட மேலே உள்ள இன்டேக் குழாய்களைக் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை.

அப்புறம் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். உடல் ஃபைபர்கிளாஸ் என்றாலும் உள்ளே எலும்புக்கூடு இரும்பு. கூரை ரப்பர்கள் காய்ந்து தண்ணீர் இறங்கியிருந்தால் துரு அங்கே மறைந்திருக்கும். ரப்பர் முழு செட் மலிவல்ல. ஹெட்லைட்டைப் போட்டு இரண்டும் சுழன்று எழுகின்றனவா, ஏபிஎஸ் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் பாகம் கிடைப்பது சிரமம். கழற்றி மாட்டக்கூடிய கூரைப் பலகைக்கான ஸ்பேனர் வண்டியோடு வருகிறதா என்றும் கேளுங்கள்.

உயரமான கதவுப்படியைத் தாண்டி ஏறி இறங்க முடிகிறதா என்று வீட்டில் உள்ளவர்களையும் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள். கூரையின் நடுக்கம்பியை வடிவமைப்பின் கடைசியில் எடுத்துவிட்டதால், உறுதிக்காகப் பக்கச் சட்டங்களை உயர்த்தினார்கள். அதனால் வந்தது இந்தப் படி. முழங்கால் வலி உள்ளவருக்கு நிஜமாகவே கஷ்டம்.

கிலோமீட்டர் குறைவு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் உடனே மயங்காதீர்கள். பத்து வருடம் கொட்டகையில் நின்ற காரைவிட, வாரம் ஒருமுறை ஓடி, பில்கள் வைத்திருக்கும் கார் மேல். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நின்றே கிடந்த காரில் கோடுகள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். பத்து வயது டயர் என்றால், புது செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.