பாட்காஸ்ட் தொடங்கும் மாணவி, மாதம் 2,000 ரூபாய் சந்தா கட்டலாமா?

கேள்வி: திருச்சியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தோழியுடன் சேர்ந்து பாட்காஸ்ட் தொடங்கப்போகிறேன். டியூஷன் எடுப்பதில் மாதம் 4,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 12,000 ரூபாய். சீனியர்கள் சொன்னதால் அப்பாவின் கிரெடிட் கார்டைக் கொடுத்து அடோபி ஆடிஷன் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் 7 நாள் இலவச சோதனையை மூன்று நாள் முன்பு தொடங்கிவிட்டேன். அது முடிந்தால் மாதம் சுமார் 2,000 ரூபாய் கட்ட வேண்டும். தொடரலாமா?

பதில்: வேண்டாம். இன்றே ரத்து செய்யுங்கள். லேப்டாப்பிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. அடோபி தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்த் திட்டத்தை ரத்து செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகவே எடுக்கப்படும் 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்கமாட்டார்கள். 24 மணி நேரம் முன்பு வங்கி அனுப்பும் அறிவிப்பும் அப்பாவின் போனுக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியாது.

மென்பொருளில் குறையில்லை. பிரச்னை ஒப்பந்தத்தில். ‘மாதம் இவ்வளவு’ என்று பெரிய எழுத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் ஆண்டுத் திட்டம். மாதாமாதம் பிரித்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். பணம் கட்டிய 14 நாளுக்குள் நிறுத்தினால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு நிறுத்தினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். நாலு மாதம் பயன்படுத்திவிட்டு விலகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 8,000. மீதி எட்டு மாதத்துக்கான 16,000-ல் பாதி இன்னொரு 8,000. ஆக, நாலு மாதத்துக்கு 16,000 ரூபாய். உங்கள் டியூஷன் வருமானம் மொத்தமும் அதிலேயே போய்விடும். அப்பா கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுபவராக இருந்தால், மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி வேறு.

இரண்டு பேர் பேசி, நடுவில் கொஞ்சம் இசை சேர்க்கும் பாட்காஸ்டுக்கு, ஒலியைப் பதிவு செய்து தொகுக்கும் அடாசிட்டி என்ற மென்பொருள் தாராளமாகப் போதும். இலவசம், கால வரம்பும் கிடையாது. அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். அடாசிட்டிக்கு யாராவது பணம் கேட்டால் அது போலி. இறக்கும் பக்கத்தில் மியூஸ் ஹப் என்ற இன்னொரு ஆப் சேர்ந்தது, சேராதது என இரண்டு இருக்கும். சேராததே போதும்.

‘கிராக்’ (உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) போட்டுத் தருகிறேன் என்று வகுப்பில் ஒருவர் நிச்சயம் வருவார். அந்த ஃபைல்களோடு பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல்களும் வரும். வீட்டு நெட்பேங்கிங்கும் அதே லேப்டாப்பில்தான் என்றால், அந்த ‘இலவசம்’ அப்பாவின் வங்கிக்கணக்கு வரை போகும்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் மைக். புதிதாகத் தொடங்குபவர்களின் ஆடியோ கெடுவது பெரும்பாலும் பதிவு செய்யும்போதே. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள். சத்தமாகப் பேசும்போது மென்பொருளில் தெரியும் ஒலி அளவுகாட்டி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட குரலை எந்த விலை மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஃபேனை அணைத்துவிடுங்கள். அப்படியும் இரைச்சல் இருந்தால், பேசும் முன் மூன்று நொடி சும்மா பதிவு செய்து, அந்தப் பகுதியை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கலாம். 12 டெசிபெல் அளவோடு நிறுத்துங்கள். 24, 30 என்று ஏற்றினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகும். ஒரு மணி நேர ஒற்றைத் தட (மோனோ) பதிவு, அடாசிட்டியின் வழக்கமான 32 பிட் அமைப்பில், 600 எம்பியைத் தாண்டும் என்பதால் டிஸ்கில் இடம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சேமிப்பில் 3,000 ரூபாய்க்குள் ஒரு யுஎஸ்பி மைக்கும், 1,000 ரூபாய்க்குள் காதை முழுதாக மூடும் ஹெட்போனும் வாங்குங்கள். மீதி 8,000-ஐத் தொடாதீர்கள். ஆடிஷன் பழகியே ஆக வேண்டும் என்றால், கல்லூரி லேபில் இருக்கிறதா என்று கேளுங்கள். விஸ்காம் துறை அதற்கும் சேர்த்துத்தானே கட்டணம் வாங்குகிறது!

ஏழெட்டு எபிசோடு போன பிறகு தடங்கள் பத்தைத் தாண்டி, ஒவ்வொரு முறையும் அதே எஃபெக்டுகளை முதலிலிருந்து அமைக்க அலுப்பாகிறது என்றால், அப்போது ரீப்பர் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பாருங்கள். 60 நாள் எல்லா வசதிகளும் திறந்தே இருக்கும், கார்டு எண் கேட்பதில்லை. பரீட்சை நெருங்கும்போது நிறுவி அந்த 60 நாளை வீணாக்காதீர்கள். செமஸ்டர் விடுமுறையின் முதல் நாள்தான் சரியான நாள். முதல் வாரம் தலை சுற்றும், அவ்வளவு மெனு.

பிடித்துவிட்டால், சொந்தப் பயன்பாட்டுக்கான சலுகை உரிமம் 60 டாலர். ஒரே முறை கட்டினால் போதும். 7-ஆம் பதிப்புக்கு வாங்கினால், அதே உரிமம் 8.99 பதிப்பு வரை செல்லும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 5,400. கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 189, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 34; மொத்தம் 5,623. மாதம் 700 ஒதுக்கினால் ஒன்பதாவது மாதம் கையில் இருக்கும். வாங்கும் அன்று மட்டும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, முடிந்ததும் மூடச் சொல்லுங்கள்.

சந்தா எடுக்க ஒரே ஒரு சூழல்தான் உண்டு: வெளியிலிருந்து பணம் தரும் ஒருவர், ஆடிஷன் ப்ராஜெக்ட் ஃபைலாகவே வேண்டும் என்று கேட்பது. அப்போதும் ஆண்டுத் திட்டம் வேண்டாம். தனி மாதத் திட்டம் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுத்து, அந்தத் தொகையை உங்கள் வேலைக்கான கூலியில் சேர்த்துச் சொல்லுங்கள்.