‘நிறுத்தினேன், பார்க்கிங் பண்ணவில்லை’ – மூன்று சலான்களும் சில சொற்களும்

வாசகர் ஒருவர் தனக்கு வந்த மூன்று போக்குவரத்து அபராத சலான்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். முதலாவது, ‘நோ பார்க்கிங்’ பலகைக்குக் கீழே கார் நின்றது. மனைவி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க உள்ளே போயிருந்தார், இவர் இன்ஜினை அணைக்காமல் ஓட்டுநர் சீட்டிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், 500 ரூபாய் வந்துவிட்டது. இரண்டாவது, பைக்கில் வணிக வளாகத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் இருந்து வெளியே வரும்போது ஹெல்மெட் தலையில் இருந்தது, ஆனால் கொக்கி போடவில்லை, 1,000 ரூபாய். மூன்றாவது, இரண்டு வருடத்துக்கு முன்பு விற்ற ஸ்கூட்டர் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக இவருடைய போனுக்கு மெசேஜ். “சார், நான் பார்க்கிங் பண்ணவே இல்லை, வண்டிக்குள்தான் இருந்தேன். ஹெல்மெட்டும் போட்டிருந்தேன், அதுவும் தனியார் இடத்தில். ஸ்கூட்டருக்கு நான் ஓனரே இல்லை. இந்தச் சொற்களுக்கெல்லாம் சட்டத்தில் அர்த்தம் இருக்கிறதா, அல்லது நிற்கிற போலீஸ்காரர் வைத்ததுதான் அர்த்தமா?” என்று கேட்கிறார்.

அர்த்தம் இருக்கிறது. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 என்பதுதான் அடிப்படை. அதன் பிரிவு 2 முழுக்க சொல் விளக்கங்கள். எந்தப் போக்குவரத்து வழக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான், ஏனென்றால் குற்றம் எது என்று சொல்லும் பிரிவு ஓரிரு வரிதான் இருக்கும், அந்த வரிக்குள் இருக்கிற சொல் எதுவரை நீளும் என்பதை பிரிவு 2 தான் தீர்மானிக்கும். அதைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு விளக்கம் ‘என்றால் இது’ என்று சொல்கிறதா, ‘இதையும் உள்ளடக்கும்’ என்று சொல்கிறதா? முதலாவது வேலி போட்டது மாதிரி, வெளியே இருப்பது வெளியேதான். இரண்டாவதில் அந்தச் சொல்லின் சாதாரண அர்த்தம் அப்படியே இருக்கும், கூடுதலாக இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு ‘ஓட்டுநர்’ என்ற சொல்லுக்குச் சட்டம் சொல்லும் விளக்கத்தைப் பாருங்கள், இழுத்துச் செல்லப்படும் வண்டியில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருப்பவரும் ஓட்டுநர்தான் என்று சேர்க்கிறது. பழுதான காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது “இன்ஜினே ஓடவில்லையே, நான் எப்படி ஓட்டுநர்?” என்று பின் வண்டிக்காரர் கேட்க முடியாது. இரண்டாவது விஷயம், பிரிவு 2 தொடங்கும்போதே ‘சூழல் வேறு பொருளைக் கோரினாலொழிய’ என்று ஒரு வாசகம் இருக்கிறது, அதாவது இடத்துக்கு ஏற்ப சொல்லின் அர்த்தம் மாறலாம். வக்கீல்கள் பிழைப்பதே அந்த வாசகத்தில்தான் என்று ஒரு மூத்த வழக்கறிஞர் சொல்வார்.

சரி, உங்கள் கார். ‘பார்க்கிங்’ என்ற சொல்லுக்கு பிரிவு 2இல் விளக்கம் கிடையாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சட்டம் பார்க்கிங்கை வேறு வேறு பிரிவுகளில் வேறு வேறு கோணத்தில் தொடுகிறது. வண்டி நிறுத்தும் இடங்களைக் குறித்து ஒதுக்கும் அதிகாரம் 117இல் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ தேவையில்லாத இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை நிற்க விடக் கூடாது என்பது 122. ஓட்டுநர் சீட்டில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டு வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்பது 126.

“நான் சீட்டில்தான் இருந்தேன்” என்ற உங்கள் வாதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இந்த 126இல் இருந்துதான். அது உங்களுக்குத் தெரியாமலே ஊரெல்லாம் பரவி, ஆள் உள்ளே இருந்தால் பார்க்கிங் இல்லை என்று ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ஆனால் 126 பேசுவது வண்டி தானாக உருண்டு யார் மேலாவது ஏறிவிடக் கூடாது என்ற பாதுகாப்பைப் பற்றி. நிற்கக் கூடாத இடத்தில் நிற்க அது யாருக்கும் அனுமதி தரவில்லை. இரண்டும் தனித்தனிக் கடமைகள், ஒன்றைச் செய்ததால் இன்னொன்று தீராது.

அப்படியானால் எது பார்க்கிங், எது வெறும் நிறுத்தம்? உலக அளவில் இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. ஆட்களை ஏற்றி இறக்கவோ சரக்கை ஏற்றி இறக்கவோ தேவையான நேரம் மட்டும் நின்றால் அது ‘நிற்பது’. அந்த நேரத்தைத் தாண்டி, எதிரே வண்டி வருகிறது, சிக்னல் விழுந்துவிட்டது போன்ற கட்டாயமும் இல்லாமல் நின்றால் அது ‘பார்க்கிங்’. ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா, இன்ஜின் ஓடுகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கணக்கில் வருவது எதற்காக நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்ற இரண்டும்தான். மனைவியை இறக்கிவிட்டு உடனே நகர்ந்திருந்தால் நானே உங்களுக்காக வாதாடுவேன். ரிப்போர்ட் வரும்வரை கால் மணி நேரம் காத்திருந்தது காத்திருப்புதான், அதற்கு வேறு பெயர் கொடுக்க முடியாது.

நம் நாட்டுப் பலகைகளிலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது, யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது. அதே வட்டத்தில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள் இருந்தால் நிற்கவே கூடாது, ஆள் இறக்கவும்கூட. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒரு கோட்டுப் பலகை. இரண்டு கோட்டுப் பலகையாக இருந்திருந்தால் இந்தப் பத்திகளையே எழுதியிருக்க மாட்டேன். இன்னொன்று, ‘போக்குவரத்துக் குறிகள்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் உள்ள விளக்கம் பலகைகளோடு நிற்கவில்லை, சாலையில் போட்ட கோடுகளையும் சிக்னல்களையும் சேர்த்துக்கொள்கிறது. “பலகையே இல்லையே, தரையில் பெயின்ட் மட்டும்தான் இருந்தது” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆக, அந்த 500 ரூபாயைக் கட்டிவிடுங்கள். பிரிவு 177இன் கீழ் முதல் தடவைக்கு அவ்வளவுதான், மறுபடியும் செய்தால் 1,500. வண்டியை இழுத்துப் போகாததற்குச் சந்தோஷப்படுங்கள். பார்க்கிங் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும் இழுக்கவோ சக்கரத்துக்குப் பூட்டு போடவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம் என்று பிரிவு 127 சொல்கிறது.

ஹெல்மெட் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். பிரிவு 129இன் விளக்கத்தில் ‘பாதுகாப்புத் தலைக்கவசம்’ என்றால் என்ன என்று இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஒன்று, அதன் வடிவமும் பொருளும் விபத்தில் ஓரளவு காப்பாற்றும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு, வாரினாலோ வேறு கொக்கியாலோ தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ‘மற்றும்’ என்ற சொல் இணைக்கிறது. அதனால் கொக்கி போடாத ஹெல்மெட் சட்டத்தின் கண்ணில் ஹெல்மெட்டே கிடையாது, தலையில் கவிழ்த்த சட்டி. 194டி பிரிவில் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பும் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தனியார் இடம் என்று நீங்கள் சொன்னதுதான் உண்மையில் நல்ல கேள்வி. ஏனென்றால் ஹெல்மெட் கடமையே ‘பொது இடத்தில்’ இருக்கும்போது மட்டும்தான். அடுக்ககத்து வாசலுக்குள், கல்லூரி வளாகத்துக்குள், கோயில் பார்க்கிங்கில் நடந்ததைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். சட்டம் சொல்வது, பொது இடம் என்றால் சாலை, தெரு, வழி அல்லது வேறு இடம், அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பாதையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, பொதுமக்களுக்கு உள்ளே செல்லும் உரிமை இருக்க வேண்டும். கூடவே பேருந்து ஆளேற்றி இறக்கும் இடங்களும் சேரும். நிலம் யாருடையது என்று அது கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? பத்திரம் யார் பெயரில் என்பது இங்கே கேள்வியே இல்லை, யார் உள்ளே போகலாம் என்பதுதான் கேள்வி.

அந்த ‘உரிமை’ எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் நீதிமன்றங்கள் மல்லுக்கட்டியிருக்கின்றன. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வும் பிறகு சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை விரிந்த பொருளில் எடுத்துக்கொண்டன. அனுமதி பெற்று, கட்டுப்பாட்டோடு போகிற தனியார் இடமாக இருந்தாலும் பொதுமக்கள் போய்வரும் இடமென்றால் அது பொது இடம்தான் என்றன. காயம்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரியும். இன்னொரு பக்கம், 2025இல் விசாகப்பட்டினம் இரும்பு ஆலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய லாரிகளுக்கு வாகன வரி கேட்ட வழக்கில், மதில் சுவர் கட்டி, நுழைவதும் வெளியேறுவதும் காவலில் இருக்கிற இடம் பொது இடம் ஆகாது, அதனால் அந்தக் காலத்துக்கு வரி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே சொல்தான், இழப்பீடு என்று வந்தால் விரிகிறது, வரி என்று வந்தால் சுருங்குகிறது. நான் மேலே சொன்ன ‘சூழல்’ என்ற வாசகத்தின் விளையாட்டைப் பார்த்தீர்களா?

வணிக வளாக பார்க்கிங் இதில் எந்தப் பக்கம் விழும்? டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிற யாரையும் உள்ளே விடுகிற இடம் அது, ஆலை மதிலோடு அதை ஒப்பிடுவது கஷ்டம் என்பது என் கருத்து. வாதாடிப் பார்க்கலாம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முன்சக்கரம் ஏற்கெனவே கேட்டைத் தாண்டி சாலையில் இருக்கிறது. வாதம் அங்கேயே முடிந்தது.

இனி ஸ்கூட்டர். மூன்றில் இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது, நீங்களோ இதைக் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள்.

‘உரிமையாளர்’ என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். காசு கொடுத்தவர், சாவி வைத்திருப்பவர், தினமும் ஓட்டுபவர் யாரும் இல்லை. இதற்கு விலக்கு இரண்டே. பதிவுபெற்றவர் சிறுவராக இருந்தால் பாதுகாவலர், தவணை, குத்தகை, கடன் ஒப்பந்தத்தில் இருக்கும் வண்டியென்றால் அந்த ஒப்பந்தப்படி வண்டியை வைத்திருப்பவர். (அதனால்தான் கடனில் வாங்கிய காருக்கு சலான் பேங்குக்குப் போவதில்லை.) வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆர்சி புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்று நினைப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதுதான் என்று தீர்ப்பு சொன்னது. அவர் வண்டியை விற்று வெகுநாள் ஆகியிருந்தது, அது உதவவில்லை.

இன்று உங்களுக்கு வந்திருப்பது சிவப்பு விளக்கு சலான். நாளைக்கு அந்த வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்தால் இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 18 வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவில் பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளி என்று கருதப்படுவார், மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

பிரிவு 50இன்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் போய்விட்டது, பரவாயில்லை, தாமதத்தோடு இப்போதாவது செய்யுங்கள். வாங்கியவரைப் பிடித்து, உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். அவர் இழுத்தடித்தால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அவருக்கு, நகல் ஆர்டிஓவுக்கு. சலானைப் பொறுத்தவரை, கேட்டால் ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியது பிரிவு 133இன்படி உரிமையாளரின் கடமை. அது கடமை மட்டுமில்லை, உங்களுக்கு இருக்கிற ஒரே வாசலும் அதுதான். சிவப்பு விளக்கைத் தாண்டுவது 184இல் ஆபத்தான ஓட்டுதலாகவே எண்ணப்படுகிறது, அந்தக் குற்றம் ஓட்டியவருடையது, உரிமையாளருடையது அல்ல. அதனால் அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் இருக்கிற புகார் பகுதியில் விற்பனைத் தாளின் நகலோடு வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் கொடுத்து மறுப்பு போடுங்கள். தொகை சின்னதாக இருக்கிறதே என்று மட்டும் இதைக் கட்டிவிடாதீர்கள், வண்டி என்னுடையதுதான், ஓட்டியதும் நான்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

விற்றபோது எழுதிய தாளில் தேதியோடு நேரமும் இருக்கிறதா, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். வாங்கியவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வாசகத்தை அதைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.